பையரின் எக்செல் தாளுக்குப் பின்னால் நிற்கும் சட்டம்

ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவரிடம் எந்த வெளிநாட்டுச் சட்டமும் சட்டமாக வந்து சேர்வதில்லை. பிரஸ்ஸல்ஸில் நிறைவேறியதும் வாஷிங்டனில் கையெழுத்தானதும் கோவைக்கோ திருப்பூருக்கோ வரும்போது பையரின் மின்னஞ்சலில் இணைத்த எக்செல் தாளாகிவிடும். "வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும்" என்று ஒரு வரி இருக்கும். மெர்ச்சண்டைசர் அதைக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளுவார், கணக்குப் பிரிவு எச்.ஆருக்குத் தள்ளும். வியாழன் மாலை யாரோ ஒருவர் போன வருடத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். இத்தனை நாள் இப்படியே ஓடியது. இனி ஓடுவது கடினம். அந்தத் தாளில் பல கட்டங்களுக்குப் பின்னால் இப்போது வரியோ அபராதமோ துறைமுகத் தடையோ இருக்கிறது.

தாளைப் படித்ததும் அது எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, தளத்தில் இறங்கி ஆதாரம் திரட்டி நிரப்பத் தெரிந்தவர்கள் நம் தொழில் நகரங்களில் குறைவு. வழக்கறிஞருக்குச் சட்டம் தெரியும். ஹீட் நம்பர் என்றால் என்னவென்று தெரியாது. சூப்பர்வைசருக்கு ஹீட் நம்பர் அத்துப்படி. எந்த ஒழுங்குமுறை அதைக் கேட்கிறது என்று தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பி.காம்., டெக்ஸ்டைல் டெக்னாலஜி, மெக்கானிக்கல் டிப்ளமோ, எம்.எஸ்.டபிள்யூ. என எதைப் படித்தவரும் அதில் உட்காரலாம். எப்படி உட்காருவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், கடமை யாருடையது?

தாள் வந்ததும் கட்டங்களை நிரப்ப ஓடாதீர்கள். இந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான புதிய சட்டங்கள் அங்குள்ள இறக்குமதியாளரைத்தான் பிடிக்கின்றன. அமெரிக்கச் சுங்கமும் அங்குள்ள இறக்குமதியாளரைத்தான் கேள்வி கேட்கிறது. பெருந்துறையில் இருக்கும் உங்கள் ஆலையின் மேல் அந்தச் சட்டம் நேரடியாகப் பாய்வதில்லை. நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் அதன் சுமையை உங்கள் பக்கம் இழுத்து வருகிறது.

இதில் நடைமுறைப் பயன் இருக்கிறது. கடமை அவருடையது என்றால் அவருக்கு உங்கள் தகவல் தேவைப்படுகிறது. தேவைப்படுபவரிடம் நாமும் கேட்கலாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் பொருள் குறியீடு, எந்தத் தேதி முதல் என்று பணிவாகப் பதில் மின்னஞ்சல் போடுங்கள். பாதிப் பையர்களின் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கே இது சரியாகத் தெரிந்திருக்காது. அவர்களுக்கும் மேலிடத்திலிருந்து தாள் வந்திருக்கும். இந்த நான்கையும் கேட்டு ஒரு பதில் வாங்கிவிட்டாலே தாளின் பல கட்டங்கள் நமக்குப் பொருந்தாதவை என்று தெரிந்துவிடும்.

போல்ட்டுக்குள் இருக்கும் கார்பன்

இப்போது அதிகம் குழப்புவது ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரிமுறை. தொழில் வட்டாரம் அதைச் சுருக்கமாக சிபாம் என்கிறது. 2023ஆம் ஆண்டின் 956ஆம் எண் ஒழுங்குமுறை அது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை அறிக்கை மட்டும் கேட்டார்கள், பணம் கேட்கவில்லை. 2026 ஜனவரி 1 முதல் காசு கணக்கு தொடங்கிவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. ஒரு டன் பொருளைச் செய்ய எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியானதோ அதற்கேற்ப ஐரோப்பிய இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்கி ஒப்படைக்க வேண்டும். 2026இல் இறக்கிய சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும். ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. "பில் இன்னும் வரவில்லையே" என்று 2026ஐச் சும்மா விட்டுவிடாதீர்கள், 2027இல் கேட்கும் கணக்கு 2026ஆம் ஆண்டுச் சரக்கினுடையது.

இங்கே மூன்று இடங்களில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள்.

ஒன்று, பொருள் குறியீடு. எஃகு என்றவுடன் எல்லா எஃகுப் பொருளும் உள்ளே என்று நினைத்துவிடக் கூடாது. போல்ட், நட், ஸ்க்ரூ வரும் 7318 பட்டியலில் இருக்கிறது. குழாய் இணைப்புகளின் 7307 இருக்கிறது. ஆனால் கோவையின் பெருமையான பம்ப்செட் 8413இல் வருகிறது. அது முதல் பட்டியலில் இல்லை. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் எஃகும் அலுமினியமும் அதிகம் சேரும் இன்னும் பல பொருள்களுக்கு இதை நீட்டிக்க முன்மொழிந்தது. ஆகவே பம்ப் செய்பவர் பதறவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் ஷிப்பிங் பில்லில் இருக்கும் குறியீடும் பையர் அங்கே போடும் குறியீடும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். வேறுபட்டால் அங்கே போடுவதுதான் கணக்கு.

இரண்டாவது, 50 டன் விலக்கு. 2025 அக்டோபரில் வந்த திருத்தம் ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவாக இறக்குபவருக்கு விலக்கு கொடுத்தது. "நாம் 40 டன்தானே அனுப்புகிறோம்" என்று ஓசூரில் ஒருவர் நிம்மதி அடைந்தால் அது தவறு. 50 டன் என்பது இறக்குமதியாளரின் கணக்கு. அவர் உங்களிடம் 40, சீனாவில் 300, துருக்கியில் 100 என்று பட்டியல் பொருள்களை வாங்கினால் உங்கள் 40 டன்னும் உள்ளேதான்.

மூன்றாவது இடத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. போல்ட் பட்டறையில் வெளியாகும் கார்பன் குறைவு. ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரியும் எரிபொருள்தான் பெரும்பகுதி. எஃகுக்கு இப்போதைக்கு நேரடிப் புகையை மட்டுமே எண்ணுகிறார்கள், வாங்கிய மின்சாரம் சேராது. ஆனால் போல்ட்டுக்கு மூலமான வயர் ராட் உருவானபோது வெளியான கார்பன் முழுவதும் உங்கள் போல்ட்டின் கணக்கில் ஏறும். நிலக்கரியால் ஊதும் பெரிய உலையிலிருந்து வந்த வயர் ராடும் பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த வயர் ராடும் பார்வைக்கு ஒன்றுதான், கார்பன் கணக்கில் வெகுதூரம். ஆக உங்கள் கணக்கு உங்கள் கையில் இல்லை. மில்லின் கையில் இருக்கிறது.

அதனால்தான் ஹீட் நம்பர் முக்கியமாகிறது. ஒவ்வொரு உருக்கலுக்கும் மில் கொடுக்கும் எண் அது. மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இருக்கும். இன்று இழுவிசைக்கும் வேதிச் சேர்மானத்துக்கும் மட்டும் அதைப் பார்க்கிறோம். இனி இந்தப் பெட்டி போல்ட் எந்த ஹீட்டிலிருந்து வந்தது, அந்த ஹீட் எந்த ஆலையில் எந்த உலையில் உருகியது என்று பின்னோக்கிப் போகத் தெரிய வேண்டும். ஸ்டோர்ஸுக்குப் போய், "போன மார்ச்ல வந்த ராட் சர்டிஃபிகேட் எந்த ஃபைல்லங்ணா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் உங்கள் கம்பெனி தப்பித்தது. "அது அந்த ஸ்டாக்கிஸ்ட்கிட்டதான் கேக்கணும்" என்றால் அங்கிருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது. ஸ்டாக்கிஸ்ட் மூலம் வாங்கும் இடத்தில்தான் சங்கிலி அறுகிறது.

அறுந்த சங்கிலிக்கு விலை உண்டு. சொந்தக் கணக்கைச் சரிபார்ப்பாளர் ஒருவர் வந்து சோதித்து ஒப்புக்கொள்ளாவிட்டால், இந்தியாவுக்கென்று ஐரோப்பா வகுத்த இயல்பு மதிப்பைப் போட்டுவிடுவார்கள். அதன் மேல் தண்டனை போல ஒரு கூடுதல் சேர்ப்பும் உண்டு. பேச்சுக்கு, கழிவுகள் எல்லாம் போக இயல்பு மதிப்புக்கும் உங்கள் உண்மைக் கணக்குக்கும் டன்னுக்கு ஒரு டன் கார்பன் வித்தியாசம் என்றும், சான்றிதழ் 75 யூரோ என்றும் வைத்துக்கொள்வோம். 20 டன் ஏற்றிய கன்டெய்னருக்கு 1,500 யூரோ. அதை இறக்குமதியாளர் தன் பையிலிருந்து போடமாட்டார். அடுத்த விலைப் பேச்சில் உங்கள் முதலாளியிடம் கேட்பார். ஒரு ஃபைலைச் சரியாக வைத்திருப்பதற்கு முதலாளி உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். மில்கள் தங்கள் உமிழ்வுக் கணக்கைப் பட்டறைகளிடம் கொடுக்கத் தயங்கும். பட்டறைகள் பையரிடம் கொடுக்கத் தயங்கும். தொழில் ரகசியம் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆலை நடத்துபவரே ஒன்றியத்தின் பதிவேட்டில் நேரடியாகப் பதிந்து தகவலை ஏற்ற வழி வைத்திருக்கிறார்கள். ஐந்து பையருக்கு ஐந்து எக்செல் நிரப்புவதற்குப் பதில் அந்த வழியைப் படித்து வையுங்கள். பிரிட்டனும் 2027 ஜனவரியில் தன் சொந்தக் கார்பன் வரியைத் தொடங்குகிறது. அதன் விவரங்கள் வேறு, ஆனால் கேட்கப்போகும் ஆதாரம் ஏறக்குறைய இதுவேதான்.

பஞ்சு எங்கிருந்து வந்தது, யார் தைத்தார்கள்

கொங்குப் பகுதியின் மற்றொரு பாதி ஆடை. அங்கே கதை கார்பனைப் பற்றியதல்ல, மனிதரைப் பற்றியது.

அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 307 என்று ஒரு பிரிவு. கட்டாய உழைப்பில் உருவான பொருளை உள்ளே விடக் கூடாது என்கிறது. ஓட்டை ஒன்று இருந்ததால் பல பத்தாண்டுகள் அது பெயரளவில் கிடந்தது. 2016இல் ஓட்டையை அடைத்ததும் பிரிவு விழித்துக்கொண்டது. 2022 ஜூலையில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஆடை ஆலை ஒன்றின் சரக்கை இந்தப் பிரிவின் கீழ் அமெரிக்கச் சுங்கம் நிறுத்தியது. அந்த ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டிருந்தார். அதன்பின் போராட்டம், பேச்சுவார்த்தை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆசிய அளவிலான தொழிலாளர் அமைப்பும் ஆலை நிர்வாகமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள், பாலியல் தொல்லைப் புகாருக்குத் தனி வழி, நிர்வாகம் மீறினால் ஆர்டர் குறையும் என்ற நிபந்தனை எல்லாம் அதில் இருந்தன.

தடை செப்டம்பரிலேயே விலக்கப்பட்டது. அமெரிக்கத் தடைகள் சாதாரணமாக அவ்வளவு சீக்கிரம் விலகுவதில்லை. தடை வருவதற்கு முன்பே தளத்தில் மாற்றம் தொடங்கியிருந்ததும், அதைச் சொல்ல நிர்வாகத்தைச் சாராத ஆட்கள் இருந்ததும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எச்.ஆர். வேலையில் இருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். சங்கம் என்றாலே முகம் சுளிக்கும் முதலாளிகள் நம் பக்கம் நிறைய. அவர்களிடம் மனிதாபிமானம் பேசிப் பலிக்காத இடத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். சரக்கு மொழி அவர்களுக்குப் புரியும்.

பஞ்சுக்கு வேறொரு சட்டம். 2022 ஜூன் 21 முதல் அமலில் இருக்கும் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம், சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் விளைந்தது எதுவும் கட்டாய உழைப்பில் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது இறக்குமதியாளரின் பொறுப்பு. திருப்பூர் பனியனில் சிஞ்சியாங் பஞ்சு எப்படி வரும் என்று கேட்கலாம். துணியாகவோ நூலாகவோ வேறு நாடு சுற்றி வரலாம் என்பதுதான் அவர்கள் சந்தேகம். ஆகவே பேல் எண்ணிலிருந்து நூல் லாட், நிட்டிங் ரோல், டையிங் பேட்ச், கட்டிங், தையல் வரை ஒரு நூலிழை அறுபடாமல் காட்ட வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் பல ஊர்ப் பஞ்சைக் கலந்து ஓட்டுவார்கள்; அங்கேதான் சிக்கல். லாட் வாரியாக எந்தெந்த பேல் போயிற்று என்ற கலவைப் பதிவு மில்லில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போய்த் திரும்பும் டெலிவரி சலானில் லாட் எண் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். செலவு ஒரு பேனா.

ஐரோப்பாவும் பின்னால் வருகிறது. அதன் கட்டாய உழைப்புத் தடை ஒழுங்குமுறை 2027 டிசம்பர் 14 முதல் பொருந்தும். அமெரிக்காவைப் போல ஒரு பகுதியைக் குறிவைக்காமல் எந்த நாட்டுச் சரக்கையும் விசாரிக்கலாம். நம் பக்கத்து மில் ஹாஸ்டல்களில் வெளியே போக அனுமதி, பிடித்தம், முன்பணம், முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் தொகை ஆகிய எல்லாம் அப்போது கேள்விக்கு வரும். ஹாஸ்டல் வார்டன் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தேதிகள் தள்ளிப்போகும், அதற்காக

ஐரோப்பியச் சட்டங்களோடு பழகியவர்களுக்கு ஒரு சலிப்பு உண்டு. அறிவிப்பார்கள், நாம் ஓடி ஓடித் தயாராவோம், கடைசியில் ஓராண்டு தள்ளிவைப்பார்கள். காடழிப்புத் தடை ஒழுங்குமுறை நல்ல உதாரணம். 2024 டிசம்பர் என்றார்கள், 2025 டிசம்பர் ஆயிற்று, பிறகு பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று ஆயிற்று. ஏற்காட்டுக் காப்பியும் கன்னியாகுமரி ரப்பரும் இதில் வருகின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று காட்ட, தோட்டத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வேண்டும். நிறுவனங்களின் விநியோகச் சங்கிலிக் கண்காணிப்பு உத்தரவும் அப்படித்தான். 2024இல் வந்தபோது பெரிய வலையாக இருந்தது. 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டில் 5,000 ஊழியர்களும் 150 கோடி யூரோ விற்பனையும் உள்ள நிறுவனங்கள் மட்டும் என்று சுருங்கிவிட்டது.

இதற்கு என் யோசனை எளிது. சட்டம் தள்ளிப்போனாலும் பயன்படும் வேலையை இப்போதே செய்யுங்கள்: லாட் எண், ஹீட் நம்பர், தோட்டத்தின் இடக்குறிப்பு, சம்பளப் பதிவு. சட்டம் தள்ளிப்போனால் வீணாகும் செலவைத் தள்ளிப்போடுங்கள்: விலையுயர்ந்த மென்பொருள், வருடச் சந்தா, கன்சல்டன்டின் முழு ஆண்டு ஒப்பந்தம். புதுச் சட்டம் ஒன்று வந்த வாரமே பயமுறுத்தும் கருத்தரங்குகள் தொடங்கிவிடும். மதிய உணவு நன்றாக இருக்கும், போய் வாருங்கள், செக் எழுதாமல் வாருங்கள்.

படிக்கும்போது இரண்டு தேதிகளைப் பிரித்துப் பாருங்கள். சட்டம் அமலுக்கு வந்த தேதி வேறு. உங்களுக்குப் பொருந்தத் தொடங்கும் தேதி வேறு. செய்தித்தாள்கள் முதலாவதைப் போடும், உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது சட்டத்தின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் கடைசிப் பிரிவில் இருக்கும். ஐரோப்பியச் சட்டங்களின் முழு வாசகமும் யூர்-லெக்ஸ் தளத்திலும், இந்திய அறிவிக்கைகள் இ-கெசட் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாட்ஸாப்பில் வரும் பத்து வரிச் சுருக்கத்தை நம்பி முதலாளியிடம் பேசாதீர்கள்.

தகவல் கசிந்தால் ஓடும் கடிகாரங்கள்

சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் சேவை, மருத்துவப் பில் போன்ற வேலைகளைச் செய்யும் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு இது. ஒரு லேப்டாப் தொலைந்தால் எத்தனை கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன தெரியுமா?

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் படி, தகவலுக்கு உரிய நிறுவனம் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகம் அவர்களுக்காக வேலை செய்யும் இடம் என்பதால் நீங்கள் தாமதமின்றி அவர்களிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அதை 24 மணி நேரம் என்று சுருக்கி வைத்திருப்பார்கள். சிங்கப்பூரில், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்டு முடிவு செய்ததிலிருந்து மூன்று நாள்கள். மலேசியாவில் 2025 ஜூன் முதல் 72 மணி நேரம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வந்தன. 18 மாத அவகாசம் முடிந்து முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் பொருந்தும்போது இங்கும் விவரமான அறிக்கைக்கு 72 மணி நேரம்தான். உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பலர் மறந்துபோன ஒன்று ஏற்கனவே இருக்கிறது: இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, கணினிப் பாதுகாப்புச் சம்பவத்தைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கசிவு தெரிந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? பெரும்பாலான அலுவலகங்களில் இதற்கு எழுத்தில் பதில் கிடையாது. ஒரே பக்கத்தில் பெயர், கைபேசி எண், நாட்டு வாரியாகக் கெடு என்று எழுதி, சட்டப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கி ஒட்டிவையுங்கள். அந்தத் தாளை எழுதியவர் யார் என்று மேலிடத்தில் கேட்பார்கள்.

நம் ஊர்ச் சட்டமும் மாறிவிட்டது

பையர்களின் நடத்தை விதிகளில் முதல் வரி பெரும்பாலும் "உள்ளூர்ச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும்" என்பதுதான். அந்த உள்ளூர்ச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று மாறியது. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் அன்று அமலுக்கு வந்தன. ஆடிட் செக்லிஸ்டில் பழைய சட்டத்தின் பெயர் இருந்தால் ஆடிட்டரிடமே சுட்டிக் காட்டலாம்.

ஊதியம் என்பதன் வரையறைதான் இதில் பெரியது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்; அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் பழைய வித்தை இனி கிராஜுவிட்டியில் இடிக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதிய செட்டில்மென்ட். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை. விதிகளை மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே வகுக்கும் துறை இது என்பதால், தமிழக விதியைப் பாராமல் பெங்களூரு கன்சல்டன்டின் மாதிரியை நகலெடுக்காதீர்கள்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு வரி. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவை நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், பணம் கொடுக்காவிட்டால் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவு. தொழில் வட்டாரம் 43பி(எச்) என்று அழைத்தது இதைத்தான். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, கட்டுப்பாடு மாறவில்லை. பிரின்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகளின் உத்யம் பதிவுச் சான்றிதழைக் கோப்பில் வைத்திருங்கள்.

கையெழுத்துக்கு முன்

தாளை நிரப்பியாயிற்று. கீழே ஓர் உறுதிமொழி இருக்கும்: "பொருந்தக்கூடிய எல்லா நாட்டுச் சட்டங்களையும் முழுமையாகப் பின்பற்றுகிறோம், மீறலால் வரும் எல்லா நஷ்டத்தையும் ஏற்கிறோம்." இதில் அப்படியே கையெழுத்திட்டு அனுப்புவதுதான் நம் வழக்கம். ஆர்டர் போய்விடுமே என்ற பயம். ஆனால் திருத்தம் கேட்டால் பல பையர்கள் ஒத்துக்கொள்வார்கள். எந்தெந்தச் சட்டம் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். "எங்களுக்குத் தெரிந்தவரை, இணைத்துள்ள ஆவணங்களின் அடிப்படையில்" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நஷ்ட ஈட்டுக்கு அந்த ஆர்டரின் மதிப்பை உச்சவரம்பாகக் கேளுங்கள். மில்லோ ஜாப் ஒர்க்காரரோ கொடுத்த தகவலுக்கு அவர்களிடமிருந்தும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆடிட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர், உண்மைக்கு ஒரு ரிஜிஸ்டர் என்று இரண்டு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஓவர்டைமை மறைக்கும் இரண்டாவது நோட்டை எழுதச் சொல்லி உங்களிடம் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அந்த ஆவணத்தில் கையெழுத்து உங்களுடையது, முதலாளியுடையதல்ல. இன்றைய ஆடிட்டர்கள் மின்சாரப் பில், ஊசி உடைந்த பதிவு, வேன் டீசல் கணக்கு எல்லாவற்றையும் வருகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று எழுதியிருக்கும். ஊசி ஞாயிற்றுக்கிழமை உடைந்திருக்கும்.

இந்த வேலையைப் பிடிப்பது எப்படி

வாரக் கடைசிச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன், இருக்கும் கம்பெனியிலேயே ஒரு வேலையைச் செய்து பாருங்கள். அனுப்பி முடிந்த ஒரு ஷிப்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேக்கிங் லிஸ்டிலிருந்து பின்னோக்கிப் போய் மூலப்பொருள் வரை ஒவ்வொரு காகிதத்தையும் தேடுங்கள். எங்கே காகிதம் இல்லை, யாரிடம் இருந்திருக்க வேண்டும், இனி எப்படிக் கிடைக்கச் செய்யலாம் என்று மூன்று பக்கத்தில் எழுதுங்கள். கம்பெனி பெயரையும் விலையையும் நீக்கிவிட்டால் நேர்காணலில் பேச உங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. இப்படி ஒன்றைச் செய்த மெர்ச்சண்டைசர், சட்டம் மட்டும் படித்து வந்தவரைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு படிக்கலாம். எஃகுப் பக்கம் போகிறவர் ஐஎஸ்ஓ 14064 தரத்தையும் உமிழ்வுக் கணக்கு முறையையும், ஆடைப் பக்கம் போகிறவர் எஸ்ஏ 8000, ஸ்மெட்டா ஆடிட் முறைகளையும் பழகலாம். தகவல் பாதுகாப்புப் பக்கத்தில் ஐஎஸ்ஓ 27001 உதவும். எந்தப் பக்கம் போனாலும் பொருள் குறியீட்டுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிவதும், தெளிவான ஆங்கிலத்தில் ஐந்து வரி மின்னஞ்சல் எழுதத் தெரிவதும் கட்டாயம்.

வேலைக்கு ஆஃபர் வந்தால் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன்? மெர்ச்சண்டைசிங் தலைவருக்குக் கீழே என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஷிப்மென்ட் போக வேண்டிய நாளில் அவருக்கு ஒரு அவசரம், உங்களுக்கு ஒரு சந்தேகம் என்றால் அங்கே ஜெயிப்பது அவசரம்தான். முதலாளிக்கோ தொழிற்சாலைப் பொது மேலாளருக்கோ நேரடியாகப் பதில் சொல்லும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளியே போகும் எந்த உறுதிமொழிப் படிவமும் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே போகும் என்பதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.